ஒருமுறை உங்களையே 'மக்கா' என்று கூப்பிட்டுப் பாருங்கள்: படபடப்பு, தன்பரிவு, தியானம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏழெட்டுப் பேர் கூடி அரை மணி நேரம் தியானத்தில் உட்காருவோம். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் இருந்து கொஞ்சம் உள்ளே, சுற்றிலும் ரப்பர் மரம், கொசுவர்த்தி இல்லாமல் முடியாது. புதிதாக வருகிறவர்கள் கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆறேழு வருடம் படபடப்போடு கிடந்து, எட்டு வார வகுப்பு ஒன்றில் இதைக் கற்றுக்கொண்டு, இன்றைக்கும் தினமும் செய்கிறவள், அவ்வளவுதான்.

தன்பரிவு என்றால் என்ன? அதற்கும் படபடப்புக்கும் என்ன சம்பந்தம்?

பக்கத்து வீட்டுப் பிள்ளை பரீட்சையில் தோற்று அழுதுகொண்டு வந்தால் நம்ம ஊரில் என்ன சொல்வோம்? "சவத்த விடு மக்கா, அடுத்த தடவை பாத்துக்கலாம், வா, வந்து சாயா குடி." அதே மாதிரி ஒரு தவறை நாமே செய்துவிட்டால்? "சவமே, உனக்கு இதுகூடத் தெரியாதா?" இரண்டிலும் ஒரே 'சவம்'தான். பிள்ளையிடம் பேசும்போது அது நடந்து முடிந்த காரியத்தின் மேல் விழுகிறது. நம்மிடம் பேசும்போது ஆள் மேலேயே விழுகிறது. பிள்ளைக்குக் கொடுத்த அந்தப் பாசமான 'மக்கா'வையும் சாயாவையும் நமக்கும் கொடுப்பதற்குப் பெயர்தான் தன்பரிவு.

இதை ஆராய்ச்சிக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கிறிஸ்டின் நெஃப், டெக்சாஸ் பல்கலைக்கழக உளவியலாளர். 2003இல் இதை அளப்பதற்கு ஒரு வினாத்தாளே தயாரித்தார். அவர் சொல்கிற தன்பரிவில் மூன்று விஷயம் சேர்ந்திருக்கிறது. நம்மிடம் கனிவாக இருப்பது ஒன்று. இந்தக் கஷ்டம் எனக்கு மட்டும் வந்ததல்ல, மனுஷராகப் பிறந்த எல்லாருக்கும் வருவது என்று உணர்வது இன்னொன்று. மூன்றாவது, உள்ளே நடப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே கவனிப்பது, அதைத்தான் மைண்ட்ஃபுல்னெஸ் என்கிறார்கள். இந்த மூன்றாவதுதான் அஸ்திவாரம், ஏனென்றால் உள்ளே ஒருத்தி ஓயாமல் திட்டிக்கொண்டிருப்பது காதில் விழுந்தால்தானே அவளை நிறுத்தச் சொல்ல முடியும்? எனக்கு அது பல வருடம் காதிலேயே விழவில்லை. மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன், ராத்திரி இரண்டரை மணிக்கு விழிப்பு வரும், பகலில் எழுதிய ஏதோ ஒரு தொகை கண்முன் வந்து நிற்கும், நெஞ்சு அடிக்கும். நெஞ்சு அடிக்கிறது என்பது தெரியும். அதற்கு முன்னால் "நீ எதுக்குமே லாயக்கில்லை" என்று ஒரு குரல் வந்து போனது தெரியாது.

படபடப்பு என்பது ஆபத்து வந்தால் தப்பிப்பதற்காக உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு. அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், கை சில்லிடும். பாம்பைக் கண்டால் இது வேண்டும். ஆனால் நம்மை நாமே ஏசும்போதும் இதே ஏற்பாடுதான் கிளம்புகிறது என்பார் பிரிட்டிஷ் உளவியலாளர் பால் கில்பர்ட், பரிவை மையமாக வைத்து ஒரு சிகிச்சை முறையையே உண்டாக்கியவர். அதாவது ஏற்கெனவே வெப்ராளத்தில் இருக்கிற ஆளை (எங்கள் மேற்குப் பக்கத்தில் படபடப்புக்கு அதுதான் வார்த்தை) இன்னொருவர் நின்று மிரட்டுவது மாதிரி. அந்த இன்னொருவரும் நாமேதான்.

என்னை நானே பாவம் பார்த்துக்கொண்டு மூலையில் உட்காருவதுதானே இது?

இல்லை. "எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்பது தன்னிரக்கம், அது ஆளைத் தனியாகப் பிரித்துக்கொண்டு போய்விடும். "இந்த நேரத்தில் இதே மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எத்தனை பேர் முழித்திருப்பார்கள்" என்று நினைப்பது தன்பரிவு. ராத்திரி இரண்டரைக்கு இதை நான் நிஜமாகவே நினைத்துப் பார்ப்பேன். பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவர், துபாயில் லேபர் கேம்பில் வீட்டு லோனை நினைத்துப் புரளுகிறவர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தெர்மாமீட்டரோடு உட்கார்ந்திருக்கிற தாய். அவர்களோடு சேர்ந்து முழித்திருக்கிறேன் என்றானதும் அறை கொஞ்சம் பெரிதானது போல இருக்கும்.

கண்டிப்பு இல்லாவிட்டால் சோம்பேறி ஆகிவிடுவேனே? திட்டித் திட்டித்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்?

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என் அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. விடிவதற்கு வெகுமுன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு போவார், வெயில் ஏறிவிட்டால் பால் குறைந்துவிடும். சின்ன வயதில் கூடப் போய் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கத்தி பட்டையைத்தான் சீவும், அதுவும் சரிவாக, மெல்லிசாக, சுருள் சுருளாக விழும் சீவல் வெற்றிலைக் காம்பு கனம்கூட இருக்காது. சீவின கோட்டில் வெள்ளையாகப் பொடிப்பொடியாக அரும்பும், அப்புறம் ஒன்றுசேர்ந்து ஓடி, சில்லில் (மரத்தில் செருகியிருக்கும் தகரத் துண்டு) இறங்கி, சிரட்டையில் சொட்டும். புதிதாகக் கத்தி பிடிக்கிறவர்கள் பால் கூடுதலாக வரட்டும் என்று அழுத்தி வெட்டுவார்கள். அன்றைக்கு வரவும் செய்யும். ஆனால் கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே தடியில் பட்டுவிட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பட்டை முண்டுமுண்டாக வளரும், பிறகு அந்தப் பக்கம் சரியாக வெட்டவே முடியாது. அப்பா அப்படிப்பட்ட மரத்தைத் தடவிக் காட்டி, "பாத்தியா மக்களே, அவசரப்பட்டவன் வெட்டினது" என்பார்.

திட்டினால் வேலை நடக்கும், நான் மறுக்கவில்லை. அன்றைக்கு நடக்கும். ஆனால் நெஃப்பும் மற்றவர்களும் செய்த ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது வேறு: தன்னிடம் பரிவாக இருப்பவர்களுக்குத் தோல்வி பயம் குறைவு, தவறை ஒத்துக்கொண்டு மறுபடி முயற்சி செய்வது கூடுதல். எனக்கும் அப்படித்தான் ஆனது. தப்பான தொகையைக் கண்டுபிடித்ததும் முன்பெல்லாம் மறைக்கத்தான் கை போகும், ஏனென்றால் அதை ஒத்துக்கொண்டால் உள்ளே விழப்போகிற அடி அப்படி. அடி விழாது என்று தெரிந்த பிறகு முதலாளியிடம் நேராகப் போய்ச் சொல்லத் தைரியம் வந்தது.

சரி, எப்படிச் செய்வது? எவ்வளவு நேரம்?

பத்து நிமிடம் போதும். முதல் வாரம் ஐந்து. சம்மணம் போட முடியாதவர்கள் நாற்காலியில் உட்காருங்கள், பாதம் தரையில் படட்டும். கண்ணை மூடலாம், பயமாக இருந்தால் திறந்தே வைத்துத் தரையைப் பார்க்கலாம்.

முதலில் உடம்பு எங்கெங்கே தொடுகிறது என்று கவனியுங்கள், பின்பக்கம் நாற்காலியில், குதிகால் தரையில். அப்புறம் மூச்சு. அதை ஆழமாக இழுக்கவோ அடக்கவோ வேண்டாம், பிராணாயாமம் வேறு, இது வேறு. போகிறதா, வருகிறதா, மூக்கு நுனியில் தெரிகிறதா வயிற்றில் தெரிகிறதா, அவ்வளவு போதும். மனம் ஓடிவிடும். ஓடியது தெரிந்ததும் திரும்ப வாருங்கள்.

இரண்டு மூன்று நிமிடம் கழித்து, அன்றைக்கு உறுத்திக்கொண்டிருக்கிற சின்ன விஷயம் ஒன்றை எடுங்கள். சின்னது என்று அழுத்திச் சொல்கிறேன், வாழ்க்கையிலேயே பெரிய காயத்தை முதல் நாளே தொட வேண்டாம். பஸ்ஸில் கண்டக்டர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார், அந்த அளவு. அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்; தொண்டையில் அடைப்பாக, வயிற்றில் பிசைவதாக, தோளில் கல்லாக. அங்கே கையை வையுங்கள், அல்லது நெஞ்சில் வையுங்கள். உள்ளங்கைச் சூடு சட்டையைத் தாண்டி உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் ஆகும், அதுவரை பொறுங்கள். பிறகு மெல்ல, வாய்விட்டோ மனதுக்குள்ளோ மூன்று வாக்கியம். "இது கஷ்டமாத்தான் இருக்கு." "இப்படி எல்லாருக்கும் வரும்." "பரவாயில்ல மக்கா, நான் கூட இருக்கேன்." மூன்றும் நெஃப் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியில் இருந்து வந்தவை, வார்த்தை மட்டும் என்னுடையது. உங்கள் வீட்டில் பாட்டி உங்களை என்னவென்று கூப்பிடுவாரோ அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ளுங்கள். புத்தகத் தமிழில் "என் மீது நான் அன்பு செலுத்துகிறேன்" என்று சொல்லிப் பார்த்தேன், என்னிடம் ஒன்றும் நடக்கவில்லை. 'மக்கா' என்றதும் தொண்டை அடைத்தது.

உட்கார்ந்தால் மனம் நிற்கவே மாட்டேன் என்கிறதே. எனக்கு இது வராதா?

மனம் நிற்காது, யாருக்கும் நிற்காது. ஓடியதைக் கவனித்துத் திரும்பி வருகிறீர்களே, அந்தத் திரும்பல்தான் பயிற்சி. பத்து நிமிடத்தில் நாற்பது தடவை ஓடினால் நாற்பது தடவை பயிற்சி கிடைத்தது. அதோடு, எப்படித் திரும்பி வருகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். "சே, மறுபடியும் போயிட்டேனே" என்று தலையில் குட்டி இழுத்து வருகிறீர்களா, முற்றத்தை விட்டு ஓடுகிற ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கி வருவது மாதிரி வருகிறீர்களா? தன்பரிவு தொடங்குவது அங்கேதான்.

மூச்சைக் கவனித்தால் படபடப்பு இன்னும் கூடுகிறது. என்ன செய்ய?

நிறையப் பேருக்கு இப்படி ஆகும், உங்களிடம் கோளாறு ஒன்றும் இல்லை. படபடப்பு வரும்போதெல்லாம் மூச்சு முட்டிய அனுபவம் இருந்தால், மூச்சு என்றாலே உடம்பு உஷாராகிவிடும். மூச்சை விட்டுவிடுங்கள். சத்தத்தைப் பிடியுங்கள். மழைக்காலம் என்றால் ஓட்டில் விழும் மழை, கடற்கரை ஊரில் அலை, அதுவும் இல்லாவிட்டால் ஃபேன் சத்தம். அல்லது இரண்டு பாதமும் தரையில் ஊன்றியிருப்பதை மட்டும் கவனியுங்கள். நடந்துகொண்டே செய்யலாம். எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா பூத் தொடுத்துக்கொண்டே செய்கிறார், பூவுக்குப் பேர்போன தோவாளையில் பிறந்து வளர்ந்தவர். நார் விரலில் உரசுவது, மொட்டின் குளிர்ச்சி, முடிச்சு இறுகுவது, அவருக்கு அதுதான் மூச்சு.

நெஞ்சில் கை வைத்ததும் அழுகை வந்துவிட்டது. தப்பாக ஏதும் செய்கிறேனா?

இல்லை. பல நாள் அடைத்துக் கிடந்த வீட்டின் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கிற புழுக்கம் முதலில் முகத்தில்தான் அடிக்கும். கொஞ்சம் அழுங்கள். தாங்க முடியவில்லை என்றால் கண்ணைத் திறந்து, எழுந்து, முகம் கழுவி, ஒரு சாயா போட்டுக் குடியுங்கள். அதுவும் தன்பரிவில் சேர்த்திதான்.

வீட்டுக்காரர் ஆழ்கடல் போட்டில் போகிறவர். போனால் பத்து இருபது நாள். என் பயம் கற்பனை இல்லையே, அதற்குத் தியானம் என்ன செய்யும்?

தூத்தூர் பக்கத்தில் இருந்து வந்த ஒரு சகோதரி இதைக் கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் வந்தபோது கடலில் இருந்தவர்களுக்கு என்ன ஆனது என்பது இந்த மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், அதற்கு முன்னால் 2004 சுனாமி. அந்த வீடுகளில் காற்று கொஞ்சம் திரும்பினாலே வயிறு கலங்குவது நியாயம்தான். அதை "நெகட்டிவ்வா நினைக்காதீங்க" என்று யாராவது அடக்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

தியானத்தால் கடல் அடங்காது. முதலில் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்: வானிலை எச்சரிக்கையைப் பாருங்கள், கூடப் போனவர்கள் வீட்டில் விசாரியுங்கள். அதையெல்லாம் செய்து முடித்த பிறகும் ராத்திரி முழுக்கப் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறோமே, அந்த நேரத்துக்குத்தான் இது. "பயமா இருக்கு, அவர் மேல உள்ள பாசம்தான் இப்படி பயமா நிக்குது" என்று சொல்லி நெஞ்சில் கையை வைப்பது. அப்புறம் அந்தக் கடற்கரையில் அதே மாதிரி முழித்திருக்கிற மற்றப் பெண்களை நினைத்து, அவர்களுக்கும் சேர்த்து "நாங்க எல்லாரும் நல்லா இருக்கணும்" என்பது. அந்தச் சகோதரி இரண்டு மாதம் கழித்து வந்து சொன்னார், பயம் போகவில்லை, ஆனால் "எனக்கு மட்டும் ஏன் தைரியமே இல்ல" என்று தன்னையே ஏசிக்கொள்வது நின்றுவிட்டது, அதனால் மூன்று மணி நேரமாவது தூங்க முடிகிறது என்று. மூன்று மணி நேரத் தூக்கம் என்பது பெரிய விஷயம்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். இது வேறு மத வழிபாடு ஆகிவிடாதா?

ஒளிக்காமல் சொல்கிறேன், இந்தக் கவனப் பயிற்சியின் வேர் புத்த மரபில்தான் இருக்கிறது. 1979இல் ஜான் கபட்-ஜின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் மத அடையாளம் இல்லாத பயிற்சியாக இதை அமைத்தார், இன்றைக்கு மருத்துவமனைகளில் சொல்லித்தருவது பெரும்பாலும் அந்த வழியில் வந்தது. இதில் மந்திரம் கிடையாது, தெய்வப் பெயர் கிடையாது. எங்கள் மாடியில் சிஎஸ்ஐ சபைக்காரர் இருக்கிறார், தக்கலையில் இருந்து ஒரு முஸ்லிம் அம்மா வருகிறார், அவர்கள் தங்கள் ஜெபத்தையும் தொழுகையையும் விடவில்லை. மனம் ஒப்பவில்லை என்றால் செய்ய வேண்டாம், உங்கள் ஜெபத்திலேயே உங்களுக்காகவும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், பலர் ஊருக்கெல்லாம் ஜெபித்துத் தங்களை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று. நம்ம மாவட்டத்துக்கு இது புதிதும் இல்லை. சிதறால் மலையில் சமண முனிவர்கள் தங்கியிருந்த குகையும் சிற்பங்களும் ஆயிரம் வருடத்துக்கும் மேலாக நிற்கின்றன. அய்யா வழி நிழல் தாங்கல்களில் (அய்யா வைகுண்டர் வழி வந்தவர்களின் வழிபாட்டு இடங்கள்) உள்ளே கண்ணாடி வைத்திருப்பார்கள், வணங்க நிற்கிறவர் கண்ணுக்குத் தெரிவது அவருடைய முகமே. காலையில் தலை வாரும்போது கண்ணாடியில் தெரிகிற முகத்தை அந்த மரியாதையோடு பார்த்தாலே போதும் என்று எனக்குத் தோன்றும்.

கன்னியாகுமரி பாறைக்குப் போய்த் தியானம் செய்தால்தான் பலன் கூடுமா?

விவேகானந்தர் 1892 டிசம்பரில் உட்கார்ந்த இடம், தியான மண்டபமும் இருக்கிறது, ஒருமுறை போய் வாருங்கள். ஆனால் படபடப்பு வருவது வடசேரி பஸ் ஸ்டாண்டில், ஆபீஸில், அடுக்களையில். பழக்கமும் அங்கேதான் வேண்டும்.

திடீரென்று நெஞ்சு அடைத்து, வேர்த்து, செத்துவிடுவேன் போல வருகிறது. அப்போது என்ன செய்ய?

முதல் தடவை என்றால் தியானத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இசிஜி எடுங்கள், தைராய்டும் ரத்தசோகையும் பாருங்கள், இவற்றாலும் படபடப்பு வரும். மருத்துவர் பார்த்து இதயத்தில் ஒன்றும் இல்லை, பேனிக் அட்டாக்தான் என்று சொல்லிவிட்டால், அது அலை மாதிரி ஏறி இறங்கும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய் அப்புறம் இறங்கத் தொடங்கும். அதோடு சண்டை போட்டால் கூடும். பஸ்ஸில் இருந்தால் முன்சீட்டுக் கம்பியைப் பிடியுங்கள், இரும்பின் குளிர்ச்சியைக் கவனியுங்கள், மூச்சை வெளியே விடுவதை மட்டும் கொஞ்சம் நீளமாக்குங்கள், "வந்திருக்கு, போயிரும், நான் கூட இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். யாராவது பார்ப்பார்களே என்ற வெட்கம்தான் பாதிப் படபடப்பு. அந்த வெட்கத்துக்கும் சேர்த்துத்தான் அந்த வார்த்தை.

மாத்திரை சாப்பிடுகிறேன். தியானம் தொடங்கினால் நிறுத்திவிடலாமா?

தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் தலைசுற்றல், தூக்கமின்மை என்று வேறு அவஸ்தை வரும், படபடப்பும் திரும்பும். குறைப்பதோ நிறுத்துவதோ மருத்துவர் சொல்லி, படிப்படியாக.

2022இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வைக் காட்டி, மாத்திரையே வேண்டாம் என்று சிலர் வாட்ஸப்பில் பரப்புகிறார்கள், அதனால் அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பதற்ற நோய் உள்ள 276 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி, இன்னொரு பிரிவுக்கு எஸ்சிட்டலோப்ராம் என்ற மாத்திரை. முடிவில் பயிற்சி மாத்திரைக்குக் குறைந்ததாக இல்லை. நல்ல செய்திதான், ஆனால் அதில் மாத்திரை வேலை செய்யவில்லை என்று எங்கேயும் இல்லை, இரண்டுமே வேலை செய்தன. பயிற்சி எடுத்தவர்களும் வாராவாரம் ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து, தினமும் வீட்டில் முக்கால் மணி நேரம் செய்யச் சொல்லப்பட்டவர்கள். நான் இரண்டு வருடம் மாத்திரையும் சாப்பிட்டேன், தியானமும் செய்தேன். அதில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

யார் இதைத் தனியாகச் செய்யக் கூடாது?

பெரிய அதிர்ச்சியில் இருந்து இன்னும் மீளாதவர்கள், இல்லாத குரல் கேட்பவர்கள், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறவர்கள். இவர்கள் கூடவே ஒரு மனநல மருத்துவர் இருக்க வேண்டும். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். பஸ் ஏறவே முடியாத நிலை என்றால் 14416க்குப் போன் செய்யுங்கள், டெலி மானஸ், அரசாங்கம் நடத்துவது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். இப்போதே அப்படித் தோன்றுகிறது என்றால் இதை வாசிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள், பக்கத்தில் ஒரு ஆளையும் வரச் சொல்லுங்கள்.

எத்தனை நாளில் சரியாகும்?

வகுப்புகள் எட்டு வாரம் என்று வைத்திருக்கிறார்கள். எனக்கு மூன்றாவது வாரத்தில்தான் அந்தத் திட்டுகிற குரல் முதல்முறையாகத் தெளிவாகக் கேட்டது, அப்போது நிலைமை மோசமானது போலத்தான் இருந்தது. இன்றைக்கும் சில ராத்திரி இரண்டரைக்கு விழிப்பு வரும். வந்தால் வரட்டும், கை தானாக நெஞ்சுக்குப் போய்விடுகிறது.

வீட்டில் தனியாக உட்கார இடமே இல்லை. உட்கார்ந்தாலும் மாமியார் "என்ன பிள்ளே, சுகமில்லையா" என்கிறார்.

துவைக்கிற கல் பக்கம் போங்கள். முதல் இரண்டு துணி துவைக்கும் வரை மட்டும் கை, தண்ணீர், சோப்பு நுரை, கல்லில் துணி அடிக்கிற சத்தம், இதிலேயே இருங்கள். மூன்றாவது துணிக்கு முன்னால் ஈரக் கையை ஒரு நிமிடம் நெஞ்சில் வையுங்கள், சட்டை நனைந்தால் நனையட்டும். மாமியார் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள், "நெஞ்சு கொஞ்சம் படபடன்னு வருது அத்தை, கை வச்சா நல்லாருக்கு" என்று. ஒரு வீட்டில் இதைக் கேட்ட மாமியார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டு, "எனக்கும் வரும்" என்றாராம். இப்போது சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் சேர்ந்துதான் வருகிறார்கள்.